ஞாயிறு பிரேக் வேலை: வருபவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, ஞாயிறு காலை 8 மணிக்கு நம்ம வீட்டு ஷெட்டில் பத்மினி காரின் பின் வீல் சிலிண்டர் (சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளுவது) இரண்டையும் கழற்றுகிறோம். இரண்டு வருஷம் நின்ற வண்டி. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதனால் உள்ளே துருப்பிடித்து பிஸ்டன் இறுகிக் கிடக்கிறது.

சிலிண்டருக்குள் ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் கப்பை யாரும் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவ வேண்டாம். போன தடவை அந்தப் புத்திசாலித்தனத்தைச் செய்தவன் நான்தான். கப் உப்பிப்போய் ரப்பர் கிட் வாங்கிய காசு தண்டம். புது பிரேக் ஆயிலிலேயே கழுவலாம்.

டிரம் தூசியை ஏர் அடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைப்போம்.

ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், செங்கல் முட்டும் வேண்டாம். என்னிடம் வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட் இரண்டுதான், இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். முன் சக்கரத்துக்குக் கட்டை நான் வைக்கிறேன்.

ஏர் எடுப்பது (பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது) பின் இடது சக்கரத்திலிருந்து. பெடல் மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு அதுதான் தூரம். பெடல் மிதிக்க ஓர் ஆள் தேவை.

பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரியும். புதுசாகப் பெயிண்ட் அடித்த அம்பாசிடர்காரர் வண்டியைத் தெருவிலேயே நிறுத்தவும்!

இட்லி உண்டு. வெள்ளி இரவுக்குள் வருகையைச் சொல்லிவிடுங்கள், மாவு கணக்கு பார்க்கணும்.