அமுக்குவதற்கு ஒரு பொத்தான் வையுங்கள்: ஸ்மார்ட் ஹோம் கருவிகளை வடிவமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்மார்ட் சுவிட்ச், மோட்டார் கன்ட்ரோலர், கதவுப் பூட்டு, கேமரா என்று வீட்டுக்கான கருவிகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அவை எப்படி இருக்க வேண்டும் என்று கடைசி முடிவு எடுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

நான் சேலத்தில் எலக்ட்ரீஷியன். கீழே அஸ்தம்பட்டி, சூரமங்கலம், அம்மாப்பேட்டை, மேலே ஏற்காடு. இந்தப் பக்கத்து வீடுகள்தான் என் பிழைப்பு. நீங்கள் அனுப்பும் பெட்டியைப் பிரித்துச் சுவரில் மாட்டுவது என்னைப் போன்றவர்கள். அது நின்றுபோனால் முதல் போன் வருவதும் எங்களுக்குத்தான். கஸ்டமர் கேர் நம்பரைத் தேடி எடுத்து, ஒன்றை அழுத்தி, இரண்டை அழுத்திக் காத்திருக்க எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெம்பு கிடையாது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். நெட் இல்லாவிட்டாலும், போன் இல்லாவிட்டாலும், வீட்டில் இருப்பவர் கையால் அமுக்கினால் வேலை செய்கிற ஒரு பொத்தானை ஒவ்வொரு கருவியிலும் வையுங்கள்.

போன ஐப்பசி மழையில் ஏற்காட்டில் நடந்ததைச் சொல்கிறேன். காபி எஸ்டேட் ஓரமாக ஒரு வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் மட்டும் இருக்கிறார்கள். மகனுக்கு பெங்களூரில் வேலை. அப்பாவும் அம்மாவும் இருட்டில் கிணற்றடிக்குப் போய் மோட்டார் போட வேண்டாம் என்று அவர் ஆன்லைனில் ஒரு கன்ட்ரோலர் வாங்கிக் கொடுத்தார். மேல் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானே ஓடும், நிறைந்தால் தானே நிற்கும், பெங்களூரிலிருந்தும் பார்த்துக்கொள்ளலாம். நல்ல எண்ணம், நல்ல கருவி. விற்ற நிறுவனத்தின் ஆளே வந்து மாட்டிவிட்டு, பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போனார். கோடை முழுக்க அது ஒழுங்காக ஓடியது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல காற்று. மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரங்கள்தான் எங்கள் மலை முழுக்க. கிளை லைனில் உரசும்போதெல்லாம் கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். ஏற்காட்டில் மழைக்காலத்தில் இது யாருக்கும் புதிதில்லை. விடிந்ததும் கரண்ட் நிலையாக வந்துவிட்டது. ஆனால் மோட்டார் ஓடவில்லை. தொட்டி காலி. பெட்டியில் ஒரு நீல விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.

வீட்டில் டவர் கிடைக்கவில்லை. சார் மழையில் ரோடு வரைக்கும் நடந்துவந்து, சிக்னல் வரும் இடத்தில் நின்று எனக்குப் போன் செய்தார். "தம்பி, மோட்டார் ஓடமாட்டேங்குது. எதை அமுக்கறதுன்னு தெரியல. அமுக்கறதுக்கு அதுல ஒண்ணுமே இல்லப்பா" என்றார்.

அந்த நீல விளக்குக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பெட்டி தன்னையே ரீசெட் செய்துகொண்டு, புது வீட்டுக்கு வந்ததுபோல யாராவது இணைப்பார்களா என்று காத்திருக்கிறது. கரண்டை அடுத்தடுத்துச் சில முறை நிறுத்திப் போட்டால் ரீசெட் ஆகும் என்று அதன் கையேட்டில் இருக்கிறது. பல ஸ்மார்ட் பல்புகளிலும் இதே முறைதான். தனியாகப் பட்டன் வைத்தால் பெட்டியில் ஓட்டை போட வேண்டும், அதில் ஈரம் போகும், செலவு கூடும். கரண்டை நிறுத்திப் போடுவதையே சைகையாக வைத்துவிட்டால் எல்லாம் மிச்சம். கரண்ட் எப்போதும் இருக்கும், அதை யாராவது கையால்தான் நிறுத்துவார்கள் என்று நம்பக்கூடிய ஊரில் உட்கார்ந்து எடுத்த முடிவு இது. எங்கள் ஊரில் அந்தச் சைகையைக் காட்டியது ஒரு மரக்கிளை.

சரி, மறுபடி இணைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். அதற்கு ஆப் வேண்டும். ஆப்பில் நுழைய ஓடிபி வேண்டும். ஓடிபி போவது மகனுடைய போனுக்கு. மகன் பெங்களூரில், இவர்கள் மலையில், நடுவில் டவர் இல்லை.

இருபது கொண்டை ஊசி வளைவும் அன்று பனிமூட்டம். நான் போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிட்டது. அந்த அம்மா கிணற்றில் கயிறு போட்டுத் தண்ணீர் சேந்தி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாசி பிடித்த படியில் ஒவ்வொரு காலாக ஊன்றி ஏறிக்கொண்டிருந்தார். முட்டி வலிக்காக வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவர். கிணறு நிறையத் தண்ணீர் இருக்கிறது. மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. கரண்டும் வந்துவிட்டது. இவ்வளவும் இருந்தும் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் குடம் சுமக்கிறார். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தை இந்த மடலில் முழுதாக எழுத முடியாது.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே சர்க்யூட் போர்டில், மோட்டாருக்குக் கரண்டை விடுவதும் நிறுத்துவதுமான ரிலேவுக்குப் பக்கத்தில், கடுகு அளவில் ஒரு பொத்தான். டெஸ்டர் நுனியால் அமுக்கினேன். ரிலே டிக்கென்று விழுந்தது, மோட்டார் ஓடியது.

இதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பொத்தான் இருக்கிறது. உங்கள் மேசையில் வைத்துச் சோதித்துப் பார்க்க அது உங்களுக்குத் தேவைப்பட்டது. வெளியே மூடி போடும்போதுதான், வாங்குகிறவருக்கு அது தேவைப்படாது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். சில ரூபாய்கூட ஆகாத சாமான் அது. மூடியில் ஒரு ஓட்டை, அதன் மேல் ஒரு ரப்பர் மூடாக்கு, அவ்வளவுதான் வேலை.

திறந்த பெட்டியை அப்படியே விட முடியாது, உள்ளே 230 வோல்ட். பழைய ஸ்டார்ட்டரையே திரும்ப மாட்டினேன். "பச்சைய அமுக்கினா ஓடும், செவப்ப அமுக்கினா நிக்கும். எனக்கு இது போதும் கண்ணு" என்றார் அந்த அம்மா. மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த பெட்டி இப்போது பரணில் இருக்கிறது. நீங்கள் இழந்தது அந்த ஒரு வீட்டை மட்டும் இல்லை. பக்கத்து எஸ்டேட் வீடுகளிலும் இப்போது யாரும் அதைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை.

மோட்டாரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்மார்ட் பிளக் அட்டையில் 16 ஆம்ப் என்று பெரிதாகப் போடுகிறீர்கள். அது ஹீட்டருக்கான கணக்கு. மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு. சின்ன ரிலே அதைத் தாங்காது, காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஆப்பில் ஆஃப் என்று காட்டும், கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் வற்றிக் காயில் கருகும். எத்தனை குதிரைத்திறன் மோட்டாருக்குத் தாங்கும் என்பதையும் அதே அளவு பெரிய எழுத்தில் போடுங்கள்.

கரண்ட் போய்த் திரும்பி வந்தால் கருவி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதையும் நின்று யோசிக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் தானாக ஓட வேண்டும். கீசர் தானாக ஓடக் கூடாது. மோட்டார், ஆளில்லாத வீட்டில் தானாக ஓடவே கூடாது. சேலத்தில் பராமரிப்புப் பணிக்காக மின்வாரியம் பகலில் கரண்ட்டை நிறுத்தும் நாள்கள் உண்டு. முதல் நாளே பேப்பரில் ஏரியா வாரியாகப் போட்டுவிடுவார்கள். திரும்பக் கரண்ட் வந்ததும் நெட் பெட்டி எழுந்து நிற்க ஓரிரு நிமிடம் ஆகும். உங்கள் கருவிகளில் சில அதற்குள் தேடிச் சலித்து நின்றுவிடுகின்றன. நெட் கிடைக்கும்வரை அது பாட்டுக்குத் தேடிக்கொண்டே இருக்கட்டும். அதுவரை கையால் அமுக்கப் பொத்தான் வேலை செய்யட்டும்.

இது கரண்ட் கஷ்டம் உள்ள ஊர்களின் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் கிளவுட் சேவையில், அதாவது நெட் வழியாகக் கருவிகளை இயக்கும் வெளியூர் சர்வர்களில், அமெரிக்காவின் வர்ஜீனியா பகுதியில் கோளாறு வந்தது. அலெக்ஸாவும் ரிங் காலிங்பெல் கேமராக்களும் பல வீடுகளில் திணறின. 2021 டிசம்பர் 7 அன்றும் இதுபோலவே நடந்தது. அங்கே கரண்ட் போகவில்லை, வீட்டு நெட்டும் போகவில்லை. எங்கோ இருக்கும் சர்வர்களில் கோளாறு, வீட்டில் விளக்கு எரியவில்லை. கூடத்தில் இருக்கும் சுவிட்ச் கூடத்தில் இருக்கும் விளக்கை எரிய வைக்க, அந்தச் செய்தி கடல் தாண்டிப் போய்வர வேண்டிய அவசியம் என்ன?

நிறுவனமே மனசு மாறினால் நிலைமை இன்னும் மோசம். ரிவால்வ் என்று ஒரு ஹப், அதாவது வீட்டின் ஸ்மார்ட் கருவிகளையெல்லாம் ஒன்றாக இணைக்கும் பெட்டி, இருந்தது. 2014இல் கூகுளின் நெஸ்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2016 மே மாதம் அதன் சேவையை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கருவி, ஒரு நாளோடு வெறும் பெட்டியாகிவிட்டது. எங்கள் ஊரில் தாத்தா காலத்து பேக்கலைட் சுவிட்ச் இன்னும் டப்பென்று விழுந்து எரிகிற வீடுகள் இருக்கின்றன. ஒரு சுவிட்ச் எத்தனை வருஷம் உழைக்க வேண்டும் என்று எங்கள் ஜனங்கள் எதிர்பார்ப்பது அந்தக் கணக்கில்தான்.

உங்களால் முடியாததை நான் கேட்கவில்லை. வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 2022 அக்டோபரில் மேட்டர் என்ற பொதுத் தரம் வந்துவிட்டது. அமேசான், ஆப்பிள், கூகுள், சாம்சங் எல்லோரும் அதில் சேர்ந்திருக்கிறார்கள். கிளவுட் இல்லாமலும் ஓட்ட முடியும் என்று பெரிய நிறுவனங்களே ஒப்புக்கொண்ட பிறகு, குறைந்த விலைப் பெட்டிகளில் மட்டும் ஏன் எல்லாவற்றையும் வெளியூர் சர்வரில் கட்டிப்போடுகிறீர்கள்?

பாதுகாப்பும் அப்படித்தான். 2016இல் மிராய் என்ற வைரஸ், தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டு மாறாமல் கிடந்த கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்துக்கொண்டு, அந்த அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கியது. அதற்கப்புறமும் அட்மின் என்றே பேரும் பாஸ்வேர்டும் உள்ள கேமராக்களை நான் மாட்டியிருக்கும் வீடுகளிலேயே பார்த்து, நின்று மாற்றிவிட்டு வருகிறேன். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அப்படிப்பட்ட பொதுவான பாஸ்வேர்டோடு விற்கத் தடை. எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் கொடுப்போம் என்பதையும் சொல்லித்தான் விற்க வேண்டும். அங்கே சட்டத்துக்காகச் செய்வதை இங்கே எங்களுக்காகச் செய்யுங்கள். மோட்டார் போடுகிற ஆப்புக்குப் போனில் இருக்கும் எல்லா நம்பர்களையும் பார்க்க அனுமதி எதற்கு? ஒரு வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு எரிகிறது, எத்தனை மணிக்கு அணைகிறது, எந்த வாரம் வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் அந்த வீட்டுக்காரர் விஷயம். உங்களுக்கு அது தேவையில்லை.

கோபத்தில் நிறையப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலையை மட்டமாக நினைத்து எழுதவில்லை. படியிறங்க முடியாதவர் படுக்கையிலிருந்தே மோட்டார் நிறுத்துவதும், காது கேளாதவர் வீட்டில் காலிங்பெல் அடித்தால் விளக்கு மின்னுவதும் நான் கண்ணால் பார்த்தவை. இந்தக் கருவிகள் யாருக்கு அதிகம் உதவுமோ, அவர்களைத்தான் அது நின்றுபோகும்போது அதிகம் கஷ்டப்படுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஆகவே, தயவுசெய்து, அடுத்த மாடலின் வரைபடம் மேசைக்கு வரும்போது, மூடியில் அந்த ஓட்டையைப் போடுங்கள். பொத்தானை வெளியே கொண்டுவாருங்கள். பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் "ஓடு", "நில்" என்று தமிழிலும் எழுதுங்கள். கரண்ட் போய்ப் போய் வருவதை ரீசெட் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ரீசெட்டுக்கு அதே பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்கச் சொன்னால் போதும்.

விற்பனைக்கு அனுப்பும் முன்னால் சோதித்துப் பார்க்க இடம் வேண்டுமானால், ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஆட்களை ஏற்காட்டுக்கு அனுப்புங்கள். சேலம் ஜங்ஷனிலிருந்து நானே அழைத்துப் போகிறேன். கிணறும், மோட்டாரும், லோ வோல்டேஜும், டவர் இல்லாத வீடும் காட்டுகிறேன். அந்த ஆசிரியர் வீட்டிலும் கேட்டுவிட்டேன். பரணில் இருக்கும் பெட்டியை இறக்கி, பழைய ஸ்டார்ட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் மாட்டிப் பார்க்கச் சம்மதம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓர் எலக்ட்ரீஷியன்,
சேலம்.