பிளான் கீறமுன் வீதிக்கோட்டை ஏன் கேட்கிறோம்?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடையோ வீடோ கட்டப் பிளான் கீறித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் இந்த மாதம் முதல் காணி உறுதி, நில அளவைப் படம் இரண்டோடும் வீதிக்கோட்டுச் சான்றிதழையும் கேட்கிறோம். "இதென்ன புதுக் கரைச்சல்?" என்று பலர் முகம் சுளிக்கிறீர்கள். சுளிப்பதில் பிழையில்லை, பிரதேச சபைக்கு அலையப்போவது நீங்கள்தானே. ஆனால் அது இல்லாமல் கீறிய பிளான் சபையிலிருந்து திரும்பி வந்தால் அலைச்சல் இரண்டு மடங்கு.

வீதிக்கோடு இன்றைக்குத் தார் முடிகிற விளிம்பில் இல்லை. நாளைக்கு அந்த வீதி எவ்வளவு அகலிக்க வேண்டும் என்று இப்போதே குறித்து வைக்கிற எல்லை அது. கட்டடம் எதுவரை வரலாம் என்று காட்டுகிற கட்டடக்கோடு அதற்கும் உள்ளே தள்ளி வரும். ஏ9 போன்ற பெருந்தெரு என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையைக் கேட்க வேண்டும், சபைக்குரிய ஒழுங்கை என்றால் பிரதேச சபையை.

"பக்கத்துக் கடை றோட்டோடு ஒட்டி நிற்குது, எனக்கு மட்டும் ஏன் தள்ளிக் கட்டச் சொல்லுறியள்?" இந்தக் கேள்வி வராத கிழமை இல்லை. அது பழைய கட்டடமாக இருக்கலாம். இடித்துக் கட்டும் நாளில் அவரும் பின்னுக்கு வரத்தான் வேண்டும். எல்லாரையும் ஒரே நாளில் உடைக்காமல், புதிதாகக் கட்டக் கட்ட ஒவ்வொரு முகப்பாகப் பின்வாங்கித் தெருவை அகலிப்பதுதான் இதன் சூட்சுமம். 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமே தெருக்கோடு பற்றிப் பேசுகிறது. நகர அபிவிருத்திப் பிரதேசமாக வர்த்தமானியில் அறிவித்த இடங்களில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். கோட்டுக்கு வெளியே, வீதிப் பக்கமாகத் தற்காலிகக் கொட்டகைக்கு அனுமதி கிடைத்தாலும், பிறகு நட்டஈடு கேட்பதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டி வரலாம்.

எங்களைக் கேட்டால், கோட்டைவிடப் பெரிய விஷயம் காணியின் பாவனை. பத்து வீட்டுக்கென்று விட்ட ஒழுங்கையின் கடைசியில் ஒரு அரிசி ஆலை வந்தால் என்ன நடக்கும்? காலபோக அறுவடை முடிந்த கையோடு நெல் லொறிகள் வரிசை கட்டும். திருப்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே வெளியே வரும். மதகின் விளிம்பு உடையும், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் சைக்கிளோடு வாய்க்கால் கரையில் ஒதுங்கி நிற்பார்கள். இதற்குப் பிறகு றோட்டை அகலிக்க எவர் மதிலைத் தருவார்? எந்தக் காணியில் எது வரலாம் என்று முதலிலேயே பிரித்து வைத்தால்தான் எந்தத் தெரு எவ்வளவு அகலம் என்று கணக்குப் பார்க்க முடியும். விண்ணப்பத்தில் வீடு என்று எழுதிவிட்டு வெல்டிங் பட்டறை போடுகிற கெட்டித்தனத்துக்கு நாங்கள் பிளான் கீறமாட்டோம். கோபிக்க வேண்டாம்.

ஏக்கர் காணியைத் துண்டாக்கி விற்கிறவர்களுக்கும் ஒன்று. துண்டுகளின் எண்ணிக்கையும் ஒழுங்கையின் நீளமும் கூடக் கூட, விட வேண்டிய அகலமும் கூடும். அதில் நாலடியை மிச்சம் பிடித்தால் இலாபம் விற்றவருக்கு. தண்ணி பவுசரும் அம்புலன்சும் வாசலுக்கு வராமல் அவதிப்படுவது வாங்கினவர். மூலைக் காணி என்றால் மதிலின் முனையைச் சரித்து விடவேண்டும், இல்லாவிட்டால் சந்தியில் வருகிற வாகனம் கண்ணில் படாது.

வயல் காணி வைத்திருப்பவர்கள் எங்களிடம் வரமுன் கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, அனுமதி எடுக்காமல் வயலை நிரப்பக் கூடாது. மண் கொட்டி மேடாக்கினால் மாரியில் அந்தத் தண்ணி றோட்டில்தான் நிற்கும். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிற் காணி என்றால் பிரதேச செயலகத்தில் தொடங்குங்கள்.

சான்றிதழுக்கான விண்ணப்பத்தை நிரப்ப நாங்கள் உதவுவோம், அதற்குக் காசு எடுப்பதில்லை. அத்திவாரம் வெட்டமுன் ஒருக்கால் சொல்லுங்கள். அளவு நாடாவோடு வந்து கோட்டைக் காட்டி, முளை அடித்துத் தருவோம்.

இப்படிக்கு,
கட்டட வரைபட அலுவலகத்தார்,
கிளிநொச்சி