வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை (2020–21)

தலைவர் அவர்களுக்கும் நூலகர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2020 மார்ச்சில் கொரோனா பொதுமுடக்கத்தோடு மூடிய நம் கிளை நூலகம் செப்டம்பரில் திறந்தது. அதுவரை கூட்டம் நடக்கவில்லை, புத்தக அறிமுகமும் இல்லை. திறந்த பிறகு நாம் செய்த முக்கிய வேலை ஒன்றுதான். நோய்த்தடுப்பு விதிகளை, வருகிறவர்கள் மனதில் தைக்கும்படி சொல்வது.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தோம். முகக்கவசம், ஆறடி இடைவெளி, கைகழுவுதல் என்று பன்னிரண்டு வரி, சிவப்பு எழுத்தில் வாசலில் பதாகை. ஒரு வாரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நின்று படித்தவர் யாரும் இல்லை. அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிப்பதற்கு முன்பே அதே அறிவுரைதான் கேட்டுக்கொண்டிருந்தது. காது மரத்துப்போயிருந்தது.

பதாகையைக் கழற்றினோம். சிறுவர்கள் உள்ளே வர அப்போது அனுமதியில்லை. அவர்கள் வீட்டிலிருந்தே விடுகதை எழுதி அனுப்பினார்கள். விடுகதை வாசலில், விடை கைகழுவும் குழாய்க்கு மேலே. "ஊசி நுழையாத கிணற்றிலே ஒரு படி தண்ணீர்." தேங்காய் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சரிபார்க்கக் குழாயடிக்குப் போனார்கள். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தேங்காய் எப்படிக் காய்க்கிறது என்பதையும் சேர்த்து விடையைச் சுருள் சுருளாக எழுதியிருந்தாள். அதைப் படித்து முடிக்க இருபது விநாடி ஆகும். சோப்புப் போட்டுக் கை தேய்க்க வேண்டிய நேரமும் அதுதான். இந்த ஆண்டின் சிறந்த யோசனை அவளுடையது என்பதைப் பதிவு செய்கிறேன்.

இடைவெளிக்கு, மகளிர் உறுப்பினர்கள் நடைபாதையில் வரிசையாகக் கோலம் போட்டார்கள். கோலத்தை மிதிக்க நம் ஊரில் யாருக்கும் கால் வராது. கோலத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று தானாகவே தள்ளி நின்றார்கள்.

திரும்பி வரும் புத்தகங்கள்தான் வாக்குவாதத்தைக் கிளப்பின. அமெரிக்க நூலகங்களுக்காக நடந்த ரீல்ம் ஆய்வில், மூடிய புத்தகத்தின் தாளில் 3 நாளுக்குப் பின் கிருமி தென்படவில்லை. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவற்றில் 6 நாள் கழித்தும் இருந்தது. அதனால் பெஞ்சில் தள்ளித் தள்ளி நிறுத்தி வைத்தோம். "உடனே கொடுங்கள்" என்று கேட்டவர்களுக்காக, "ஓய்வில் இருக்கிறேன், வியாழக்கிழமை வாருங்கள்" என்று புத்தகமே சொல்வதுபோலச் சீட்டு வைத்தோம். அப்புறம் சண்டை குறைந்தது.

எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் மட்டும் லேசில் போகவில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரிடம் நானே நேரில் சொன்னேன். "ஐம்பது வருசப் பழக்கம் தம்பி, விரல் என் பேச்சைக் கேட்காது" என்றார். பலர் முன்னிலையில் அப்படிச் சொன்னது என் தவறு. அவர் பத்து நாள் வரவில்லை. பிறகு எடுப்பு அதிகமுள்ள நாவல்களின் நடுவே, "மேல் மூலையைத் தூக்கிப் பாருங்கள், உலர்ந்த விரலுக்கே பக்கம் வரும்" என்ற சீட்டைச் செருகினோம். திரும்பி வந்தவர் அதைப் படித்துவிட்டு, அப்படியே புரட்டி என்னிடம் காட்டினார். இன்று புதியவர்களுக்கு அவர்தான் சொல்லித் தருகிறார்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். குழாயை முழங்கையால் திறக்கும்படி மாற்ற நிதி ஒதுக்கும் தீர்மானத்தை உறுப்பினர்கள் நிறைவேற்றித் தர வேண்டுகிறேன்.

செயலாளர்,
வாசகர் வட்டம்