50 நிமிடங்களைத் திரும்பக் கேட்டு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் கல்விப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். படிப்பிலும் கட்டுரை எழுதுவதிலும் வழிகாட்டும் கற்றல் ஆலோசகரைத் தனியே சந்திக்க மாணவர்களுக்கு இருந்த 50 நிமிடங்களை 15 ஆகக் குறைத்து, அதுவும் பருவத்துக்கு இரண்டு முறைதான் என்று வரம்பு கட்டிய சுற்றறிக்கையின் பின்னணியைத் தாங்கள் நன்கறிவீர்கள். அது நடைமுறைக்கு வந்து ஒரு பருவம் முடிந்துவிட்டது. பதினோரு ஆண்டுகளாக இந்தப் பணியில் இருப்பவள் என்ற முறையில், என் மேசைக்கு முன்னால் நடந்த ஒன்றைத் தங்களிடம் சொல்லியாக வேண்டும்.

முதலாண்டு மாணவர் ஒருவர், திருத்தப்பட்டு வந்த கட்டுரையை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். ஓரத்தில் 'பகுப்பாய்வு போதாது' என்ற ஒற்றை வரி. வேறு விளக்கம் இல்லை. மொழிநடைதான் குறை என்று எண்ணி, இரவெல்லாம் சொற்களை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். கட்டுரையை மூடி வைத்துவிட்டு, நீங்கள் படித்த இரண்டு ஆய்வாளர்களும் எதில் முரண்படுகிறார்கள் என்று கேட்டேன். தயங்கித் தயங்கித் தொடங்கியவர், சற்று நேரத்தில் தெளிவாகப் பேசினார். யார் பக்கம் வலுவான சான்று இருக்கிறது என்பதற்குக் காரணமும் காட்டினார். இதை ஏன் எழுதவில்லை என்றபோது, "என் கருத்தையெல்லாம் எழுதலாமா, மேடம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்தபோது 15 நிமிடம் முடிந்து, அடுத்தவர் கதவருகே நின்றிருந்தார். அது அவருக்கு இரண்டாவது சந்திப்பு. அந்தப் பருவத்தில் மறுபடி வர அவருக்கு அனுமதி இல்லை.

அவருடைய குறை இலக்கணம் அன்று. வரலாற்றில் பகுப்பாய்வு என்றால் ஒரு சான்றை யார், எதற்காக எழுதினார்கள் என்று துருவுவது. ஆய்வகக் குறிப்பேட்டில் அது பிழை எங்கிருந்து வந்தது என்று தேடுவது. துறைக்குத் துறை மாறும் இந்த எதிர்பார்ப்புகளை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதை, பல்கலைக்கழக மாணவர்களின் எழுத்தை ஆராய்ந்த மேரி லீயும் பிரையன் ஸ்ட்ரீட்டும் 1998இலேயே தங்கள் ஆய்வில் எடுத்துக்காட்டினார்கள். சொல்லப்படாத அந்த விதிகளை மாணவரோடு உட்கார்ந்து வெளிக்கொணர்வதே எங்கள் வேலை. மாணவர் தன் குழப்பத்தைத் தானே கண்டுகொள்ளும்வரை பொறுத்திருக்க வேண்டிய வேலை இது. ஆகவேதான் அந்த 50 நிமிடங்களைத் திரும்பக் கேட்கிறோம்.

சந்திப்புகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்று ஆண்டறிக்கை சொல்கிறது, அது உண்மைதான். வந்தவர்களில் எத்தனை பேர் எதைக் கற்றுக்கொண்டு போனார்கள் என்று அறிய அந்த அறிக்கையில் ஒரு கட்டம்கூட இல்லை என்பதும் உண்மை. மதிப்பெண் குறைந்த பிறகே மாணவர்களை எங்களிடம் அனுப்பும் வழக்கமும் மாறவில்லை. அதனால் எங்கள் அறைக்குள் நுழைவதே அவமானம் என்று பலர் ஒதுங்கிப் போகிறார்கள். 1973இல் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் நகர வளாகத்தில் தொடங்கிய துணைக் கற்பித்தல் (Supplemental Instruction) முறை, மாணவரைப் 'பலவீனமானவர்' என்று பிரிக்காமல், பலரும் தோற்கும் கடினமான பாடங்களைத் தேர்ந்தெடுத்து, அந்த வகுப்பிலுள்ள அனைவருக்கும் கதவைத் திறந்து வைத்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் மாணவர் விழும்வரை காத்திருந்து, விழுந்த பிறகு 15 நிமிடம் கொடுப்பதை உதவி என்று என்னால் சொல்ல முடியவில்லை. இதைக் கடுமையாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருள்க. ஓராண்டு ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் என் இளைய சகாக்களால் இவ்வளவும் வெளிப்படையாகச் சொல்ல முடியாது என்பதால் நான் சொல்ல நேர்ந்தது.

அடுத்த பருவத்தின் நேர அட்டவணை இறுதியாவதற்கு முன், தனிச் சந்திப்புக்கு 50 நிமிடங்களை மீண்டும் ஒதுக்கி, இரண்டு முறை என்ற வரம்பையும் நீக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பேரவைக் கூட்டத்தில் எங்களில் ஒருவருக்குப் பேச வாய்ப்பளித்தால் நன்றியுடையவளாவேன். அந்த மாணவருக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதலாம், தாராளமாக எழுதலாம் என்று.

பணிவுடன்,
கற்றல் ஆலோசகர் ஒருவர்