இறந்தவரின் நடத்தை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை மாவட்டச் செய்திகள் பக்கத்தில், ‘கள்ளக்காதலைக் கைவிட மறுத்த 2 குழந்தைகளின் தாய் வெட்டிக்கொலை’ என்று தலைப்பிட்டிருந்தீர்கள். அந்தப் பெண் எங்கள் தெருவில் குடியிருந்தவர். நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்த்தவர். மில் வேனைத் தவறவிட்டால், உடன் வேலை பார்க்கும் ஒருவரின் வண்டியில் வந்து தெருமுனையில் இறங்குவார். அதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்குமேல் யாரும் எதையும் பார்த்ததில்லை. தங்கள் நிருபர் மட்டும் ‘தனிமையில் சந்தித்து உல்லாசமாக இருந்து வந்தனராம்’ என்பது வரைக்கும் பார்த்துவிட்டார்.

அவருக்கு இதைச் சொன்னது யார்? அரிவாளோடு போய்ச் சரணடைந்த கணவர் போலீசாரிடம் சொன்னார், போலீசார் நிருபரிடம் சொன்னார்கள். ‘என்று கணவர் கூறினார்’ என்பது மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துபோய், அவர் சொன்னது பத்திரிகை சொன்னதாகிவிட்டது. போலீசாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது தாங்கள் அறியாததல்ல. தங்கள் மாவட்டப் பக்கத்தில் நன்றாகவே செல்கிறது.

‘நடத்தையில் சந்தேகமடைந்த கணவர்’, ‘ஆத்திரமடைந்தார்’, ‘கைதானார்’ என்று அவருக்கு மரியாதை விகுதி ஒன்றும் குறையவில்லை. வேண்டியதுதான், குற்றம் நிரூபணமாகும்வரை யாரையும் குற்றவாளி என்று எழுதுவதில்லை என்பது பத்திரிகை தர்மம். அந்தத் தர்மம் செத்தவருக்கு மட்டும் கிடையாதா? வேறொரு குடும்பம் வைத்திருந்த ஆண் கொலையானால் ‘ரியல் எஸ்டேட் அதிபர் வெட்டிக்கொலை’ என்கிறீர்கள். அவர் எத்தனை பிள்ளைகளுக்குத் தகப்பன் என்று தலைப்பில் நான் ஒரு நாளும் படித்ததில்லை.

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தீக்காயப் பிரிவிலேயே அதிக காலம் வேலை பார்த்தேன். ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’ என்று வாரந்தவறாமல் நீங்கள் போட்ட காலம் அது. வெடித்த ஸ்டவ்வுக்கு ஏன் எப்போதும் மருமகள்களே அகப்படுகிறார்கள் என்று எந்த நிருபருக்கும் தோன்றவில்லை. கொசுவலைக்குள் வாழையிலையில் கிடத்தியிருக்கும் பெண்ணின் மிச்ச முடியில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். தலையில் ஊற்றாமல் அந்த வாடை முடிக்கு எப்படி வரும்? புருஷன் கட்டிலருகே நின்றால் “ஸ்டவ் வெடிச்சிருச்சு” என்பாள். ஆளை வெளியே அனுப்பிவிட்டு மாஜிஸ்திரேட் வந்து உட்கார்ந்தபிறகுதான் வாயைத் திறப்பாள். அப்படி ஒரு பெண் மரண வாக்குமூலம் கொடுத்துவிட்டு இறந்தாள். மறுநாள் உங்கள் பத்திரிகையில் அதே ஸ்டவ் வெடித்தது. கடைசி வரியில் வழக்கம்போல, ‘திருமணமாகி 2 ஆண்டுகளே ஆவதால் ஆர்.டி.ஓ. விசாரணை’. அதற்கடுத்த நாள் அவளுக்கும் ஒரு ‘நடத்தை’ முளைத்தது. நிருபர் வார்டுக்கே வந்து “நல்லா இருக்குற போட்டோ கிடைக்குமா சிஸ்டர்?” என்று கேட்டார். கல்யாணப் படம்தான் கிடைத்தது, அதையே போட்டார்.

போகட்டும், எங்கள் தெருப் பெண்ணுக்குப் பழக்கம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். இந்தியத் தண்டனைச் சட்டம் 497-ஆம் பிரிவு இருந்த காலத்திலும் அதற்காக மனைவியைத் தண்டிக்க வழியில்லை. பழகிய ஆணுக்குத்தான் தண்டனை. அந்தப் பிரிவையும் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27-இல் ரத்து செய்தது. தீர்ப்பைத் தங்கள் முதல் பக்கத்தில்தான் படித்தேன். அதே தாளின் உள்பக்கத்தைத் தயாரிப்பவர்கள் அதைப் படிப்பதில்லை போலிருக்கிறது. ‘கைவிட மறுத்த’ என்று எழுதினால், கைவிட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்றுதானே படிப்பவனுக்குப் படும்?

நீங்கள் மாறவே மாட்டீர்கள் என்றும் சொல்ல முடியாது. ‘கற்பழிப்பு’ என்று போடாதீர்கள் என நான் எழுதிய பழைய கடிதம் பிரசுரமாகவில்லை. ஆனால் இப்போது ‘பாலியல் வன்கொடுமை’ என்றுதான் எழுதுகிறீர்கள், நன்றி. தன்பாலின ஈர்ப்பாளர்களையும் திருநர்களையும் எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று, சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன்பேரில் தமிழக அரசு 2022-இல் அரசிதழிலேயே சொற்பட்டியல் வெளியிட்டது. இரண்டு பெண்கள் சேர்ந்து வாழப் போனால் தங்களுக்கு அது இன்னமும் ‘விபரீதக் காதல்’. பட்டியல் தங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரவில்லையா?

கேட்க வந்தது இரண்டே விஷயம். கைதானவர் சொன்னதைக் ‘கைதானவர் சொன்னார்’ என்று போடுங்கள், தலைப்பிலும்தான். இடம் போதவில்லை என்றால் ‘2 குழந்தைகளின் தாய்’ என்பதை எடுத்துவிடுங்கள், இடம் கிடைக்கும்.

அடுத்தது அவசரம். தங்கள் இணையதளத்தில் அந்தத் தாய் இரண்டு மகள்களோடு நிற்கும் படம் இன்றுவரை இருக்கிறது. மூத்தவள் எட்டாம் வகுப்பு. சம்பவத்தை நேரில் பார்த்த சாட்சி. 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவு சாட்சியான குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. திங்கட்கிழமை அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம் என்று பாட்டி நினைத்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் படத்தை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திண்டுக்கல்.