லோயிஸ் எறிந்த ஷூ

அன்புள்ள வசந்தி,

பொங்கல் வாழ்த்துக்குக்கூடப் பதில் போடாதவள் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறாளே என்று முகத்தைச் சுளிக்காதே. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. சின்னவள் கோவையில் வேலையில் சேர்ந்துவிட்டாள். நம் ஹாஸ்டல் குண்டுமல்லி ஓய்வு பெற்றுவிட்டாள். இனி யாரை அதட்டப் போகிறாளோ.

விஷயம் வேறு. என் வீட்டுக்காரர் குடிப்பது உனக்குத் தெரியும். தெரியாதது போல நீ இத்தனை வருஷம் நடந்துகொண்டதும் எனக்குத் தெரியும். அதற்கு நன்றி, கொஞ்சம் கோபமும்.

அவருடைய டாக்டர் என்னை ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கானது, அல்-அனான் என்று பெயர். குடிப்பது அவர், கூட்டத்துக்குப் போக வேண்டியது நானா என்று எரிச்சலோடுதான் போனேன். ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, மர பெஞ்சு, ஃப்ளாஸ்கில் டீ. என்ன சாதி, வீட்டுக்காரர் எந்த ஆபீஸ் என்று யாரும் கேட்பதில்லை. ஒருவர் பேசும்போது குறுக்கிடக் கூடாது. புத்திமதி அறவே கூடாது. நம் சொந்தக்காரர்களை அங்கே உட்கார வைத்தால் மூச்சு முட்டிச் செத்துவிடுவார்கள்.

அன்று ஓர் அம்மாள் பேசினார். அங்கே கேட்டதில் ஆளை அடையாளம் காட்டக் கூடாது என்பதால் வயதானவர், வசதியானவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இவருக்கும் நமக்கும் என்ன பொருத்தம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் சொன்னார்: "ராத்திரி அவர் பூட்டில் சாவி போடும் சத்தத்திலேயே எனக்கு அளவு தெரிந்துவிடும். ஒரே தடவையில் நுழைந்தால் சோறு போடலாம். இரண்டு மூன்று தடவை உரசினால் பிள்ளைகளைத் தூங்குவது போல நடிக்கச் சொல்வேன். சாவி கீழே விழுந்தால் நானும் நடிப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வசந்தி. சிரித்து முடிப்பதற்குள் உடம்பு நடுங்கிவிட்டது. எங்கள் வீட்டில் அது இரும்புக் கேட்டின் தாழ்ப்பாள். எட்டு மணிக்கு மேல் டிவி சத்தத்தை நான் குறைத்து வைப்பது பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு கூடாது என்பதற்காக என்றே நம்பியிருந்தேன். அந்தத் தாழ்ப்பாளைக் கேட்பதற்காக என்று அவர் பேசியபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. சுவரைப் பார்த்துத்தான் பேசினார்.

அண்ணி சொல்லாததா? மாமனார் சொல்லாததா? அவர்கள் என் வாழ்க்கையைப் பற்றிப் பேசியபோதெல்லாம் நான் வாதாடக் கிளம்பிவிடுவேன். தன் வாழ்க்கையைச் சொல்பவரிடம் எதை வாதாடுவது?

இந்த வழி பிறந்த கதையும் இதேதான். (எனக்கு இப்போது இதுவே பைத்தியம், பொறுத்துக்கொள்.) பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர், குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர், 1935 மே மாதம் தொழில் விஷயமாக அமெரிக்காவிலேயே ஆக்ரன் என்ற நகருக்குப் போனார். போன காரியம் கவிழ்ந்தது. ஹோட்டல் கூடத்தின் ஒரு பக்கம் பாரின் இரைச்சல், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோனை எடுத்தார். பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று தேடி, பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை டாக்டரைப் பிடித்தார். 15 நிமிடம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டு மாலை 5 மணிக்கு வந்த டாக்டர் கிளம்பும்போது இரவு 11 தாண்டிவிட்டது. குடியின் கெடுதலை டாக்டருக்கே எடுத்துச் சொல்வார்களா என்ன? பில் தான் பட்டதைச் சொன்னார். டாக்டரும் அதையேதான் பட்டிருந்தார். அந்த ஜூன் 10க்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. அந்தத் தேதியைத்தான், குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு தன் பிறந்த நாளாக வைத்திருக்கிறது.

ஆனால் என் ஆள் பில்லின் மனைவி லோயிஸ். கணவர் திருந்திய பிறகு ஒரு நாள், கூட்டத்துக்கு நேரமாகிறது, சீக்கிரம் கிளம்பு என்றிருக்கிறார். "நாசமாய்ப் போக உங்கள் கூட்டம்" என்று ஷூவைத் தூக்கி எறிந்துவிட்டாராம் அந்த அம்மாள். நீ மெஸ்ஸில் தட்டை எறிந்தாயே, அந்த வேகம் இருந்திருக்கும். குடித்த காலமெல்லாம் தாங்கியவளுக்கு, விட்ட பிறகு எதற்குக் கோபம்? அவரைத் திருத்துவதே பிழைப்பாக இருந்தவள். முன்பின் தெரியாதவர்கள் அந்த வேலையை முடித்துவிட்டார்கள். இந்த லோயிஸ்தான் 1951இல் ஆன் என்ற தோழியோடு சேர்ந்து அல்-அனானைத் தொடங்கியவர். என்னவர் இன்னும் நிறுத்தவில்லை. ஒருவேளை நாளைக்கே நிறுத்திவிட்டால் எட்டு மணிக்கு மேல் நான் என்ன செய்வேன்? யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

இன்னொன்று. கேட்கலாமா என்று தெரியவில்லை, கேட்டுவிடுகிறேன். ஹாஸ்டலில் வாட்ச்மேன் தாத்தா ராத்திரி கேட்டைப் பூட்டும்போதெல்லாம் நீ எழுந்து உட்கார்ந்துகொள்வாய். பேய்க்குப் பயந்தவள் என்று கேலி செய்தோம். லீவுக்கு யாரையும் நீ வீட்டுக்கு அழைத்ததில்லை. அப்பாவைப் பற்றிக் கேட்டால் "டூர் போயிருக்கிறார்" என்பாய். அந்த அம்மாள் சாவியைப் பற்றிச் சொன்னபோது என் வீட்டுத் தாழ்ப்பாளுக்கு அடுத்து உன் முகம்தான் வந்தது. நான் நினைப்பது தப்பென்றால் திட்டி எழுது. சரியென்றால் எழுதவே வேண்டாம், மாசியில் வரும்போது பேசுவோம். புத்திமதி சொல்ல மாட்டேன். புதிதாக வந்திருக்கும் நல்ல பழக்கம் அது.

டிக்கெட் எடுக்கும்போது புதன்கிழமையையும் சேர்த்து எடு. அன்று சாயங்காலம் நான் வீட்டில் இருக்க மாட்டேன், கூட்டம். வேண்டுமானால் நீயும் வரலாம். டீ மட்டும் சுமார்தான்.

உன்,
பானு