ஜாவரின் உலைகளைக் காப்போம்

ஆசிரியருக்கு வணக்கம்.

உதய்ப்பூருக்குத் தெற்கே ஆரவல்லி மலைகளில் உள்ள ஜாவரில் இன்றும் துத்தநாகம் வெட்டுகிறார்கள். என் கவலை அங்கே கைவிடப்பட்டுக் கிடக்கும் பழைய சுரங்கங்களையும் உலைகளையும் பற்றியது.

டோலமைட் பாறைக்குள் துத்தநாகத் தாதுவும் ஈயத் தாதுவும் கலந்து கிடக்கும் இடம் அது. வெடிமருந்து இல்லாத காலத்தில் பாறையைத் தீமூட்டிச் சூடாக்கி, விரிசல் விடச் செய்து உள்ளே போயிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வேலையின் தடயங்கள்கூட அங்கே உண்டு.

தாதுவைத் தோண்டியதைவிட உலோகத்தைப் பிரித்ததுதான் பெரிய சாதனை. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் ஆவியாகிவிடும். தாதுவிலிருந்து அதைப் பிரிக்க அதற்கும் மேலான வெப்பம் வேண்டும். சாதாரண உலையில் உலோகம் புகையாகவே போய்விடும். ஜாவர்க்காரர்கள் கத்தரிக்காய் வடிவ மண்குடுவையில் தாதுவை அடைத்து, தலைகீழாக நிறுத்தி, மேலே சூடேற்றி, ஆவியைக் கீழே குளிர்ந்த அறைக்கு இறக்கினார்கள். ஓர் உலையில் 36 குடுவைகள்! இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன் துத்தநாகம் காய்ச்சக் காப்புரிமை பெற்றது 1738இல்தான். ஜாவர் அதற்குப் பல நூற்றாண்டு முந்தியது.

1980களில் அகழாய்வில் உலைகள் குடுவைகளோடு அப்படியே கிடைத்தன. பயன்படுத்திய குடுவைகளை அடுக்கி வீட்டுச் சுவர்களே எழுப்பியிருக்கிறார்கள், அவ்வளவு குவியல்! மத்திய, ராஜஸ்தான் அரசுகள் அந்த உலைகளுக்கும் குவியல்களுக்கும் வேலியிட்டு, அருகிலேயே ஓர் அருங்காட்சியகம் அமைக்க வேண்டும்.

– ஒரு வாசகர், திருச்சி